பிறப்பிடமும் பெருமையும்

மனிதன் மனிதனைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுள் மிகப் பழமையானது, "உன் ஊர் எது?" என்பதாகும். அன்பினால் இதனைக் கேட்பாரும் உளர்; அறியும் ஆவலினால் கேட்பாரும் உளர்; எதிரிலிருப்பவனை அளந்து பார்ப்பதற்காகக் கேட்பாரும் உளர். கேள்வி ஒன்றே, கேட்பவர் நெஞ்சம் வேறு வேறு.

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் சாலையை ஒட்டிய உணவுக்கடை ஒன்றில் என் நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்தேன். வயதில் என்னைவிட மூத்தவர். பிறருக்கு உதவும் குணமுடையவர். ஞாயிறு மாலையில் தேக்கா வட்டாரத்தில் எழும் ஆரவாரத்தைக் கண்டவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆறு நாள் வெயிலில் உழைத்த இளைஞர்கள், ஏழாம் நாள் தம் மொழி கேட்கும் தெருவைத் தேடி வருகின்றனர். அவர்களுள் ஒருவன், வேறிடம் இல்லாமையால், எங்கள் மேசையில் வந்து அமர்ந்தான். நண்பர் அன்போடுதான் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பிக்கு ஊரில் எந்தப் பக்கம்?"

"தஞ்சாவூர்ப் பக்கம், ஐயா."

"தஞ்சாவூரில்?"

ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"அந்த ஊரில் எந்தத் தெரு?"

இளைஞன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டான். ஒரு கணம் தலை குனிந்திருந்தான். பின்னர், "வேலை இருக்கிறது, ஐயா" என்று கூறி எழுந்து போய்விட்டான். பாதி உணவு இலையிலேயே கிடந்தது.

தமிழ்நாட்டுக் கிராமத்தை அறிந்த எவருக்கும் அக்கேள்வியின் உட்பொருள் விளங்கும். தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கு நாகரிக மனிதன் கண்டுபிடித்த குறுக்குவழி. என் நண்பர் அதனைத் தீய எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார், பழக்கம் கேட்டது. ஆனால் நான்? நான் வாய் திறவாதிருந்தேன். அம் மௌனமே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அன்றிரவு வீடு திரும்பி, உறக்கம் வாராமல் விஞ்ஞானச் செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பென்னு என்னும் குறுங்கோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி அதில் இருந்தது. விஞ்ஞானியும் அம் மண்ணைப் பார்த்து, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்றுதான் கேட்கிறான். அதே கேள்வியை அவன் எவ்வாறு கேட்கிறான், நாம் எவ்வாறு கேட்கிறோம் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கலாம் எனத் தோன்றிற்று.

விண்ணில் உள்ளவை

உயிருள்ள உடல்கள் யாவும் கரி என்னும் தனிமத்தைத் தலைமையாகக் கொண்டவை. கரி அணுவோடு நீரகம், உயிரகம், தழைச்சத்து முதலியவற்றின் அணுக்கள் கூடி அமைந்த சேர்க்கைகளைக் கரிமப் பொருள்கள் என்பர். ஒரு காலத்தில் இப்பொருள்கள் உயிர்களின் உடலில் மட்டுமே உண்டாகும் என்று அறிஞர்களும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை பொய்த்து நெடுங்காலமாயிற்று. இன்று, விண்மீன்களுக்கு இடையேயுள்ள பெருவெளியிலேயே அவை மிதந்து கிடக்கின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டுள்ளது.

கரி அணுக்கள் விண்மீன்களின் உள்ளே, கடும் வெப்பத்தில், மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் ஒன்று சேர்வதால் பிறக்கின்றன. விண்மீன் முதுமையடையும்போது தன் மேலாடையை வெளியே உதறுகிறது. அதனோடு கரியும் புகைக்கரி போன்ற தூசியாய் வெளியேறுகிறது. இவ்வாறு வெளியேறியவை திரண்டு இருண்ட மேகங்களாகின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியையோ வானொலி அலையையோ வெளியிடும், அல்லது விழுங்கும். அவ்வடையாளத்தைக் கொண்டே, கைக்கெட்டாத மேகத்தினுள் என்ன இருக்கிறது என்பதை வான நூலார் படித்தறிகின்றனர். 1937-இல் முதல் மூலக்கூறு இவ்வாறு அறியப்பட்டது. 1969-இல் பார்மால்டிஹைடு என்னும் கரிமப் பொருள் கண்டறியப்பட்டது. இதுவரை அறியப்பட்டவை முந்நூறுக்கும் மேற்பட்டன.

பால்வழியின் நடுப்பகுதிக்கு அருகில், தனுசு விண்மீன் குழுவின் திசையில் உள்ள பெருமேகம் ஒன்றில், 1975-இல் சாராயமும் கண்டுபிடிக்கப்பட்டது. மதுவிலக்கு அன்பர்கள் அஞ்ச வேண்டா. அக்கடைக்குச் செல்ல ஒளியின் வேகத்தில் ஓடினாலும் இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகையே வடக்கில் இருப்பதால், வடவானமும் தென்வானமும் ஒருங்கே காண வாய்த்த இடம் இது. தனுசுக் குழுவும் நம் தலைக்கு மேல் உயரமாகவே வந்து போகிறது. எனினும் நாம் அதனைக் காண்பதில்லை. 2016-இல் வெளியான உலக ஆய்வு ஒன்று, செயற்கை ஒளியால் இரவு வானத்தை மிகுதியும் இழந்த நாடு சிங்கப்பூரே என்று கூறிற்று. நம் விளக்குகளின் பெருமையில் நம் மூதாதையரின் முகம் மறைந்துவிட்டது என்று சொன்னால் அது வெறும் அலங்காரமன்று.

தூசியின் துணை

இனி, இம் மூலக்கூறுகள் எவ்வாறு பயணம் செய்கின்றன? வெற்றிடத்தில் தனித்துச் செல்லும் மூலக்கூற்றுக்குப் பகைவர் பலர். விண்மீன்களின் புறஊதாக் கதிர் அதனைப் பிளந்துவிடும். அண்டக் கதிர்கள் துளைத்துச் செல்லும். தூரமோ கற்பனைக்கும் அடங்காதது. நொடிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு துகள், சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க ஒரு லட்சத்து இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அத்தனை காலம் வழிப்பறிக்கு ஆளாகாமல் தனியே செல்வது அரிது.

ஆகவே அவை துணையோடு வாழ்கின்றன. அத்துணை தூசியே. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே பருமனுடைய துகள்கள் அவை. இருண்ட மேகத்தினுள் குளிர் சுழிக்குக் கீழே 260 பாகையையும் தாண்டும். அக்குளிரில் காற்றுப்பொருள்கள் துகளின்மேல் பனியாக உறைகின்றன. கரியும் உயிரகமும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு அங்கே ஒட்டிக்கொள்ள, நீரக அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து அதனைப் பார்மால்டிஹைடாகவும், மெத்தனாலாகவும் மாற்றுகின்றன. வெளியிலிருந்து வரும் சிறிதளவு கதிர் அவற்றை உடைத்து, மேலும் சிக்கலான பொருள்களாகக் கூட்டுகிறது. வெட்டவெளியில் எமனாக இருந்த கதிரே, மேகத்தின் நிழலில் அளவோடு வரும்போது தச்சனாகிறது. மேகத்தின் அடர்த்தியே குடை, தூசியே தொழிற்சாலை, பனியே பண்டசாலை.

இங்கு வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்மீனிலிருந்து விண்மீனுக்கு மூலக்கூறு மூட்டை முடிச்சோடு பயணம் செய்வதாக நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. மேகமே தன் பாரத்தால் சுருங்கிச் சூரியனாகவும் கோள்களாகவும் மாறுகிறது. அதாவது, பயணி ஊருக்கு வந்து சேரவில்லை. பயணியைச் சுற்றி ஊர் எழுகிறது. மேகத்தில் இருந்த பனியும் கரிமப் பொருளும், வெப்பம் மிகுந்த உட்பகுதியில் பெரிதும் அழிந்தாலும், குளிர்ந்த புறப்பகுதியில் வால்மீன்களிலும் குறுங்கோள்களிலும் ஓரளவு தங்கிவிடுகின்றன. பின்னர் அவையே கல்லாகவும் தூசியாகவும் பூமியில் வந்து வீழ்கின்றன. அண்டார்க்டிக்கா பனியை உருக்கி வடிகட்டிச் செய்த ஆராய்ச்சி ஒன்று, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐயாயிரம் டன் விண்தூசி தரையை அடைகிறது என 2021-இல் கணக்கிட்டது. பஃபலோ சாலைக் காய்கறிக் கடையின் கூரையிலும், கோவில் கோபுரத்திலும், பள்ளிவாசல் மாடத்திலும், தொழிலாளர் விடுதி முற்றத்திலும் அது வேறுபாடின்றிப் படிகிறது.

வேறு விண்மீன்களைச் சார்ந்த பொருள்கள் நம் சூரியனை நாடி வருவதும் இப்போது நேரில் காணப்பட்டுவிட்டது. 2017-இல் ஓமுவாமுவா, 2019-இல் போரிசோவ், 2025-இல் அட்லஸ் என மூன்று விருந்தினர் வந்து போயினர். பின்னிரண்டும் வால்மீன்கள், சயனைடு முதலிய கரிச் சேர்க்கைகளை அவை வாரியிறைத்துச் சென்றதைத் தொலைநோக்கிகள் கண்டன. எனவே வழி உண்டு, வண்டியும் உண்டு. ஆயினும் அவ்வண்டியில் உயிர் ஏறி வந்ததாக எவரும் காணவில்லை.

கல் சொன்ன சாட்சி

விண்ணிலிருந்து வீழ்ந்த கற்களுள் புகழ்பெற்றது, 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் வீழ்ந்ததாகும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட துண்டுகள் சேகரிக்கப்பட்டன. மறு ஆண்டே அக்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அமெரிக்க விண்வெளி நிலையமான நாசாவின் ஆராய்ச்சிக் குழு வெளியிட்டது. அமினோ அமிலங்கள் நம் உடலின் புரதங்களைக் கட்டும் செங்கற்கள் என்பதை யாவரும் அறிவர்.

அக்குழுவின் தலைவர்களுள் ஒருவரான சிரில் பொன்னம்பெருமா, 1923-இல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்றவர். பின்னரே இலண்டனில் ரசாயனம் கற்று, 1962-இல் கலிபோர்னியாவில் டாக்டர் பட்டம் பெற்றார். "உயிர் என்பது யாது?" என்று தத்துவ வகுப்பில் கேட்கப்படும் கேள்வியைச் சோதனைக் குழாய்க்கு எடுத்துச் சென்றவர் என அவரைக் கூறலாம்.

அவரும் அவருடன் உழைத்தோரும் முதலில் ஐயுற்றது கல்லையன்று, தம் கைகளையே. மனிதக் கைவிரல் பட்டாலே அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளும். கண்டது விண்ணின் சொத்தா, விரலின் வியர்வையா? இதனைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. பெரும்பாலான அமினோ அமிலங்கள், இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலான இரு வடிவங்களில் அமையக்கூடியன. பூமியின் உயிர்கள் புரதங்களைக் கட்ட இடக்கை வடிவத்தையே கையாளுகின்றன. மர்ச்சிசன் கல்லில் காணப்பட்டவையோ இரு வடிவங்களையும் ஏறத்தாழச் சமமாகக் கொண்டிருந்தன. பூமியின் உயிர்கள் புரதத்தில் கையாளாத சில அமிலங்களும் உடனிருந்தன. ஆகவே அவை விண்ணிலே, உயிரின் உதவியின்றி உருவானவை என்ற முடிவு வலுப்பெற்றது. அக்கல்லிலிருந்த நுண்மணிகள் சில, சூரியனே பிறவாத காலத்தவை, ஏறத்தாழ 700 கோடி ஆண்டு வயதுடையவை என 2020-இல் கணக்கிடப்பட்டது.

வீழ்ந்த கல்லில் மாசு கலந்திருக்கலாம் என்ற ஐயத்தை அறவே நீக்க, மனிதன் தானே விண்ணுக்குச் சென்று மண்ணை அள்ளி வந்தான். ஜப்பானியர் ரியூகு என்னும் குறுங்கோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் கொணர்ந்தனர். அமெரிக்கர் பென்னுவிலிருந்து 121.6 கிராம் மண்ணை 2023 செப்டம்பரில் கொணர்ந்தனர். புரதத்துக்கு வேண்டிய இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கும், மரபுச் செய்தியை எழுதும் ஐந்து எழுத்துகளும் பென்னுவின் மண்ணில் உள்ளன என 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கைப்பிடி மண்ணுக்காக எத்தனை ஆண்டுகள், எத்தனை காவல், எத்தனை ஐயப்பாடு! "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பவன், விடையைத் தன் விருப்பப்படி வளைத்துவிடாதிருக்க மேற்கொண்ட விரதம் இது.

அவ்விரதம் முறிந்த கதையும் உண்டு. 1864-இல் பிரான்சில் ஒர்கேய் என்னுமிடத்தில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அதன் துண்டொன்று நூறாண்டுக் காலம் காட்சிசாலைக் குடுவையில் அடைபட்டுக் கிடந்தது. 1964-இல் அதனை ஆராய்ந்தபோது உள்ளே செடியின் விதை இருக்கக் கண்டனர். விண்ணிலிருந்து வந்த விதையோ? அன்று. பசையும் நிலக்கரித் தூளும் கொண்டு எவனோ ஒருவன் கைவேலை செய்து ஒட்டி வைத்த விதை அது என்பது வெளிப்பட்டது. பிறப்பைப் பற்றிய பொய்களுக்கு நூறாண்டு வயதாகிவிட்டால் அவை மெய்யாகிவிடுவதில்லை. நூறு தலைமுறை வயதாயினும் ஆகிவிடுவதில்லை.

நம்மவர் என்பதற்காகவா?

கரிமப் பொருள் வந்தது உண்மை. உயிரே விண்ணிலிருந்து வந்தது என்றால் என்ன? இவ்வாறு சொன்னோரும் சிறியரல்லர். ஸ்வீடன் நாட்டு ரசாயன மேதை அரீனியஸ், உயிரின் வித்துகள் ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு விண்மீன்களிடையே உலவுகின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். பிற்காலத்தில் இக்கொள்கையை முழங்கியவர்கள் ஆங்கிலேயரான பிரெட் ஹாயிலும், கொழும்பில் 1939-இல் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் ஆவர். விண்தூசியில் கரிமப் பொருள் மிகுதி என்று விக்கிரமசிங்க 1974-இலேயே கூறியது தொலைநோக்குடைய கருத்து. ஆனால் அத்தூசியுள் நுண்ணுயிர்களே உள்ளன என்றும், இன்புளுவென்சா போன்ற நோய்கள் விண்ணிலிருந்து இறங்குகின்றன என்றும் அவர்கள் மேற்சென்றபோது, சான்று அவர்களுடன் செல்லவில்லை. விஞ்ஞான உலகம் பெரும்பான்மையும் அதனை ஏற்கவில்லை.

ஹாயிலின் வரலாறு சிந்தனைக்குரியது. விண்மீனுள் கரி எவ்வாறு பிறக்கிறது என்பதை விளக்கிய பெருமக்களுள் அவர் முதல்வர். அதனாலேயே அவர் இன்புளுவென்சாவைப் பற்றிக் கூறியதும் சரியாகிவிடுமா? ஆகாது. நேற்று மெய் கண்டவன் இன்று சொல்வதற்கும் இன்றைக்குரிய சான்று வேண்டும். மேதைக்கே முன்சேமிப்பில் வாழ உரிமையில்லை எனின், பாட்டன் பெருமையில் வாழ்வார்க்கு என்ன உரிமை?

நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நிகழ்ந்தது. 2001 ஜூலை 25 முதல் சில வாரங்கள் கேரளத்தின் கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் சிவப்பு மழை பெய்தது. அம்மழைநீரிலிருந்த செந்துகள்கள் விண்ணிலிருந்து வந்த உயிரணுக்களாகலாம் என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர் இருவர் எழுதினர். உலகப் பத்திரிகைகள் அதனை ஆரவாரத்தோடு பரப்பின. அரசாங்கத்துக்காக நடந்த ஆய்வோ, அவை அப்பகுதி மரங்களில் படரும் பாசி வகையொன்றின் வித்துகளே என்று முன்னரே கண்டிருந்தது. விண்ணைத் தேடியவர்க்கு விடை வேலியோரத்து மரத்தில் இருந்தது.

விக்கிரமசிங்க நம் அண்டை நாட்டவர். கேரளம் நம் அண்டை வீடு. நம்மவர் சொன்னார் என்பதற்காகவே கைதட்ட நம்மிற் சிலர்க்கு ஆசை எழுகிறது. நம்மவரை வெள்ளையர் மறுத்துவிட்டனர் என்று சினங்கொள்வோரும் உளர். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். கருத்தைப் பார்த்து, "நீ எந்தத் தெரு?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சொன்னவர் யார் என்பதை விடுத்துச் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைப் பார்க்க வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய பாடமன்று, வள்ளுவர் காலத்தது.

இடம் மாற்றினால் விடையாகுமா?

உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டாலும், ஒரு கேள்வி எஞ்சுகிறது: அங்கே அஃது எவ்வாறு தோன்றிற்று? பூமியில் விடை தெரியாத கேள்வியை விண்மீனுக்குத் தூக்கிச் செல்வதால் அது விடையாகிவிடாது. கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்கியவன் கதையாக முடியும்.

சாதிப் பெருமைக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் காரணமும் இதே முறையில் ஓடி ஒளிகிறது. "நீர் ஏன் உயர்ந்தவர்?" என்றால், "என் தந்தை உயர்ந்தவர்" என்பான். தந்தை ஏன் உயர்ந்தவர்? பாட்டனால். பாட்டன்? முப்பாட்டனால். இறுதியில் ஒரு கடவுளின் உடலில் போய் ஒளிந்துகொள்வான். அங்கே சென்று வினவ நமக்கு வழியில்லை என்பதே அவனுக்குப் பாதுகாப்பு. விஞ்ஞானியோ, ஒளிவதற்குரிய இடமாக அல்லாமல், சென்று பார்ப்பதற்குரிய இடமாக விண்ணைக் கருதினான், சென்றான், மண்ணை அள்ளி வந்து மேசைமேல் வைத்தான்.

ஒரே பொருள் என்பதனால் சமமா?

இங்கே, ஆர்வமிக்க இளைஞர்கள் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும். "நாம் எல்லோரும் ஒரே விண்மீன் தூசியால் ஆனவர்கள், ஆகவே எல்லோரும் சமம்" என்பதே அது. கேட்க இனிமையாக உள்ளது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இவ்வாதம் நிற்காது.

அடுத்த ஞாயிறு என் நண்பரைக் கண்டு, பென்னுவின் மண்ணைப் பற்றி இவையெல்லாம் விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் சரி, தம்பி. நாளைக்கு உன் மகளைக் கொடுக்கும்போது விண்மீனிடமா போய் விசாரிப்பாய்?"

எனக்குத் திடீரென விடை வரவில்லை. என் மகளுக்குத் திருமண வயது. அவளுக்கேற்ற வரன்களை விசாரித்துச் சொல்பவரும் இதே நண்பர்தாம். அவர் "எந்தத் தெரு" என்று விசாரித்து வந்து சொன்ன செய்திகளை நான் இதுவரை காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அன்று அவ்விளைஞன் முன் நான் வாய் மூடியிருந்ததற்குக் காரணமும் அப்போது எனக்கு விளங்கிற்று.

நண்பரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஒரே தூசியால் ஆனவை எல்லாம் சமம் என்றால், நாயும் நாற்காலியும் நஞ்சும் நம்மோடு சமமாக வேண்டும். வால்மீன்களில் காணப்படும் ஹைட்ரஜன் சயனைடு உயிரைக் கொல்லும் நஞ்சு. அதே பொருளிலிருந்து மரபெழுத்துகளுள் ஒன்றான அடினைனை உண்டாக்கலாம் என்று 1960-இல் ஹுவான் ஓரோ என்னும் அறிஞர் காட்டினார். கொல்வதும் அதுவே, உயிரின் எழுத்தைப் பெறுவதும் அதுவே. எனின், பொருளின் பிறப்பைக் கொண்டு அதன் மதிப்பை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. எதனோடு சேர்ந்தது, என்ன செய்தது என்பதைப் பொறுத்தே அது நஞ்சாகவும் நலமாகவும் ஆகிறது.

ஆகவே ரசாயனம் நமக்குச் சமத்துவத்தைத் தானமாகக் கொடுத்துவிடாது. அது செய்யக்கூடியது ஒன்றே: ஏற்றத்தாழ்வுக்குக் கூறப்பட்ட பொய்க் காரணத்தைப் பிடுங்கி எறிவது. இரத்தத்தில் உயர்வு உண்டு, பிறப்பில் தூய்மை உண்டு என்று எவனேனும் கூறுவானாயின், அவ்விரத்தத்தின் இரும்பும் கரியும் எந்த உலையில் வெந்தன என்பதை அது காட்டும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. பொய் நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். அவ்விடத்தில் நியாயத்தைக் கட்ட வேண்டியவர்கள் நாமே. "மனிதனை மனிதனாக நடத்துவேன்" என்பது கண்டுபிடிக்கப்படும் உண்மையன்று, மேற்கொள்ளப்படும் உறுதி. உறுதியை மேற்கொள்ளாமல், "விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று கூறிச் சும்மாயிருப்பவன், சாதியைக் கேட்பவனைவிட மேலானவனல்லன். நான் அப்படித்தான் சும்மாயிருந்தேன்.

கரையேறிய பின்

இந்நகரம் வந்தவர்களால் ஆன நகரம். 1819-இல் ராபிள்ஸின் இரண்டாம் பயணத்தில் பினாங்கிலிருந்து உடன் வந்திறங்கிய நாராயண பிள்ளை முதல், நேற்று விமானத்தில் வந்திறங்கிய தொழிலாளி வரை, வழி ஒன்றாயில்லாவிடினும் வந்தவர்கள் என்பதில் வேறுபாடில்லை. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். திறந்த தளத்தில் பாய் விரித்து, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் படுத்துக் கடல் கடந்தவர். 1874 முதல் செயின்ட் ஜான்ஸ் தீவில் இருந்த நோய்த்தடுப்பு நிலையத்தின் பெயரைக் கேட்டாலே அக்காலத்துக் கப்பல் பயணிகளின் முகம் மாறும். மருத்துவர் அங்கே கேட்டது நோயை, தெருவை அன்று. 1969-இல் சந்திரனிலிருந்து மீண்ட வீரர்களையும் இவ்வாறே மூன்று வாரம் அடைத்து வைத்தனர். புதிதாக வருவது எதுவாயினும் ஆராய்ந்து ஏற்பது முறைதான். ஆனால் ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு உண்டு. நோயில்லை என்று கண்டால் கதவு திறக்கும். சாதி என்னும் தடுப்பு நிலையத்துக்கோ திறக்கும் நாளே குறிக்கப்படவில்லை. கடல் கடந்தும், மூன்று தலைமுறை கடந்தும், ஒரு சோற்று இலையின் முன்னே அது நம்மைத் தொடர்ந்து வந்து நிற்கிறது.

"எங்கிருந்து வந்தாய்?" என்னும் கேள்வியை இனிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் பேசுவது இனிது. ஆற்றையும் கோவில் திருவிழாவையும் தாய் சமைத்த குழம்பையும் நினைவுகூர்வது, தூரத்தில் உழைப்பவனுக்கு மருந்து. பென்னுவின் மண்ணைக் கேட்டதுபோலக் கேட்போம்: அறிந்துகொள்வதற்காக, நம் விருப்பத்தை விடையில் கலவாமல், கேட்கப்படுபவனின் தகுதியை விடையைக் கொண்டு அளக்காமல். அவ்வாறு கேட்க இயலாதவன் கேளாதிருப்பதே நன்று.

நண்பரின் கேள்விக்குக் காலந்தாழ்த்தியேனும் விடை சொல்லிவிட்டேன். "விண்மீனிடம் விசாரிக்க வேண்டா, என் மகளிடம் விசாரியுங்கள். அவள் மனம் யாரை ஏற்கிறதோ, அவன் உழைப்பவனா, உண்மையுடையவனா, அவளை மதிப்பவனா என்று பாருங்கள். தெருப் பெயரை மட்டும் என்னிடம் கொண்டுவர வேண்டா" என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. இரண்டு ஞாயிறுகளாக அவர் கடைக்கு வரவில்லை. இந்த நட்பு எனக்கு அரியது, மனம் வருந்துகிறது. ஆயினும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

அவ்விளைஞனையும் நான் இன்னும் காணவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே மேசையில் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். வந்தால், முதலில் அவன் வயிறார உண்ணட்டும். பின்பு என் பெயரைச் சொல்லி, நான் அன்று பேசாதிருந்ததற்கு மன்னிப்புக் கேட்பேன்.